முப்பத்தேழு டிகிரியில் அணைந்த வெளிச்சம்

போன மாதம் என் பழைய வேலைத்தலத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். மேல் மாடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று இருக்கிறதாம். கதவின் உட்பக்கம் கறுப்புத் துணி அடித்திருக்கிறதாம். உள்ளே உட்காருகிற ஒரு மர வாங்கைத் தவிர வேறொன்றும் இல்லையாம். புது மெஷின் வைக்க அதை உடைக்கப் போகிறார்களாம். “மிஸ், அது என்ன அறை? இங்க எல்லாரும் பேய் அறை எண்டு சொல்லுகினம்” என்று கேட்டாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு நல்ல கோபம் வந்தது. பேய் அறையா? அந்த வாங்கில் உட்கார்ந்துதான் ஒரு மனிதனை மீட்டோம். அவளை நான் விடவில்லை. அரை மணித்தியாலம் பிடித்து வைத்துக் கதை சொன்னேன். கடைசியில், “எழுதித் தாங்கோ மிஸ்” என்றாள். தப்பி ஓடத்தான் அப்படிச் சொல்லியிருப்பாள். பரவாயில்லை, கேட்டவள் வாசிக்கட்டும்.

நான் தொழில் படித்தது ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில். இரத்தம், சளி, சிறுநீர் என்று நாலு வருஷம். அங்கே எனக்குள் ஊறிப்போனவை இரண்டு: எதைத் தொட்டாலும் கழுவு, எதை வளர்த்தாலும் முப்பத்தேழு டிகிரியில் வை. இந்த இரண்டும் பிற்பாடு என் காலை வாரிவிடப் போகின்றன என்று அப்போது யாருக்குத் தெரியும்? பிறகு கொழும்பில், கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் போகிற வழியில் இருந்த ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகிற மீன், இறால், கணவாய் எல்லாவற்றிலும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

இதில் பகிடி என்னவென்றால், நான் சுத்த சைவம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. மீனுக்குப் பெயர் தெரியாத ஒருத்தியை மீன் சோதிக்க எடுத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒரே ஒருவர், கொரேரா சேர்.

கொரேரா சேர் எங்கள் பிரிவுக்குத் தலைவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். ஒல்லி மனிதர், வெள்ளை நீளக் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு செபமாலை கிடக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் எதையாவது “சேர், இது இப்படித்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்” என்று ஆரம்பித்தால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நினைக்கிறது வீட்டில பிள்ளை. இங்க காட்டுங்க” என்பார். ஏச்சென்றால் அவ்வளவுதான். அதற்கே அழுகை வரும்.

அவருக்கு ஒரேயொரு பைத்தியம் இருந்தது: தானாக ஒளிரும் சீவன்கள். மின்மினி எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிலத்தைவிடக் கடலில்தான் ஒளிர்கிறவை அதிகம் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். சந்தையில் மலிவாக வாங்குகிற காரல் மீனின் தொண்டைக்குள் ஒரு குட்டி விளக்கு இருக்கிறது என்றார். அந்த விளக்கு மீனுடையது அல்லவாம். அதற்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கிற பக்றீரியாக்களுடையதாம். மீன் அவற்றுக்குச் சாப்பாடும் இடமும் கொடுக்கிறது, அவை மீனுக்கு வெளிச்சம் கொடுக்கின்றன. நான் நம்பவில்லை. “காட்டுங்கோ சேர்” என்று அவருடைய சொல்லையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் என்னை அந்த இருட்டறைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு முறை இருந்தது. வெளியே வெயிலில் திரிந்த கண்ணுக்கு இருட்டு பழக இருபது நிமிஷமாவது வேண்டும். அதற்கு முதல் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மணிக்கூடு பார்க்க முடியாது, ஏனென்றால் மணிக்கூட்டு முள்ளின் மினுக்கமே கண்ணைக் கெடுத்துவிடும். டோர்ச் கூடவே கூடாது. ஆகவே சேர் நேரத்தைச் செபமாலையால் அளந்தார். ஐம்பத்துமூன்று மணியையும் நிதானமாக உருட்டி முடித்தால் கண் தயார். நான் சிவபுராணக்காரி, என்றாலும் பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டே அத்தனை மந்திரமும் எனக்குப் பாடமாகிவிட்டது. செபமாலை முடிந்து, வெட்டிய காரலை அவர் என் முன்னே வைத்தபோது, பாசிப்பயறு அளவில் ஒரு நீலப் புள்ளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூடு இல்லை, புகை இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அந்த வாங்கில் இருந்து அவர் சொன்ன கதைகள் எத்தனை! முந்நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும், இங்கிலாந்தில் ஒரு விஞ்ஞானியின் வீட்டு இறைச்சி அலுமாரியில் வைத்த இறைச்சி ஒளிர்ந்ததாம். வேலைக்காரர்கள் நடுங்கிவிட்டார்கள். அவரோ அந்த இறைச்சியைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, பம்ப் பண்ணிக் காற்றை வெளியே எடுத்தாராம், வெளிச்சம் மங்கிவிட்டது. காற்றைத் திரும்ப விட்டார். வெளிச்சம் திரும்ப வந்தது. பக்றீரியா என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், அந்த வெளிச்சம் மூச்சு விடுகிறது என்று அந்த மனிதர் கண்டுபிடித்துவிட்டார்! இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான் இராணுவத்தினர் ஒளிரும் கடற்பூச்சிகளைக் காயவைத்துத் தூளாக்கி வைத்திருந்தார்களாம். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி நனைத்தால், எதிரி காணாத அளவு வெளிச்சத்தில் வரைபடம் வாசிக்கலாம். இதைச் சொல்லிவிட்டு சேர், “எல்லா யுத்தத்திலயும் வெளிச்சம்தான் பிள்ளை பிரச்சினை” என்றார். எங்கள் யுத்தத்திலும் அதுவே நடக்கும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மின்வெட்டுக் காலம் அது. சோதனைச் சாவடி இல்லாத சந்தி கொழும்பில் இல்லை. பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள், அடையாள அட்டை பார்ப்பார்கள், பையைக் கிளறுவார்கள். முகத்துவாரத்தில் சேவியர் என்று ஒரு மீன் வியாபாரி. சைக்கிளில் பெட்டி கட்டித் தெருத்தெருவாக விற்கிறவர். ஒரு நாள் கணவாய் விற்காமல் மிஞ்சிவிட்டது. கடல் தண்ணீர் தெளித்து, ஐஸ் போட்டு, ரெஜிபோம் நுரைப் பெட்டியில் மூடி வைத்து, மறுநாள் விடிய முதல் எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். தெருவில் கரண்ட் இல்லை. சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார். உள்ளே எல்லாம் நீலப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அந்தச் சிப்பாய்களின் இடத்தில் நின்று பாருங்கள். குண்டு வெடிக்கிற ஊர், கும்மிருட்டு, பெட்டிக்குள் ஒரு வெளிச்சம், பெட்டிக்காரன் தமிழன். ஒரு சார்ஜன்ட் கையை விட்டுப் பார்த்தார்; அவருடைய கையும் ஒளிரத் தொடங்கிவிட்டது. பிறகென்ன, பெட்டி ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், சேவியர் ஜீப்பில். புதுவித இரசாயனமாம்.

நாலு நாள் கழித்து, சீல் வைத்த கண்ணாடிப் போத்தல் ஒன்று எங்களிடம் வந்தது. உள்ளே இரண்டு துண்டு கணவாயும் அடியில் கொஞ்சம் ஊறல் தண்ணீரும். லேபலில் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. இன்னொரு பங்கு இரசாயன சோதனைக்குப் போயிருந்தது. அங்கே வெடிமருந்தும் இல்லை, நஞ்சும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு அது போதவில்லை. இத்தனை பேர் கண்ணால் கண்ட வெளிச்சம் என்ன என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை கோப்பு மேலே போகும், ஆளைத் தூரத்து முகாமுக்கு அனுப்புவார்கள் என்று தொலைபேசியில் சொன்னார். அந்த நாளில் அப்படிப் போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

சேர் அந்த நாட்களில் தெற்கே காலி நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். போத்தலைக் கையெழுத்து வைத்து எடுத்தவள் நான். ஒளிரும் பக்றீரியா என்று எனக்குப் பொறி தட்டியது. தட்டி என்ன செய்ய? போத்தலுக்குள் ஒரு வெளிச்சமும் இல்லை. பழகிய கை பழகியபடி போனது. துண்டுகளை எடுத்துக் குழாயைத் திறந்து நன்றாகக் கழுவினேன். துண்டு துண்டாக வெட்டி, ஆஸ்பத்திரிக் கிருமி வளர்க்கத் தட்டில் ஊற்றுகிற அதே உப்பில்லாத கூழில் தேய்த்து, முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் இருட்டறையில் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லிவிட்டுப் பார்த்தேன். கும்மிருட்டு. திரும்பவும் செய்தேன். திரும்பவும் இருட்டு. எஞ்சிய துண்டுகளும் முடிந்துபோயின.

இதற்கிடையில் சேவியரின் மனைவி ஸ்டெல்லா தினமும் எங்கள் வாசல் கேற்றடியில் வந்து நிற்பாள். கைக்குழந்தை ஒன்று இடுப்பில். “ரிப்போர்ட் எழுதிட்டீங்களா மிஸ்?” என்று கேட்பாள். செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அவளிடமே எரிந்து விழுந்தேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, உன் புருஷனின் கணவாயில் வெளிச்சமே இல்லை என்று கத்திவிட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் அழவில்லை. என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“கணவாய் மினுங்கும் மிஸ். எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். வச்ச கணவாய் மினுங்கினா நல்ல தண்ணில கழுவிட்டு ஆக்குவோம், கழுவினா அணைஞ்சிரும். நீங்க கழுவுனீங்களா?”

கழுவினேன், குழாயைத் திறந்து நன்றாகவே கழுவினேன். கடலில் இருக்கிற பக்றீரியாவுக்கு உப்பில்லாத தண்ணீர் பட்டால் உடல் ஊதி வெடித்துவிடும். அதைப் புத்தகத்தில் வாசித்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் வாங்கியவள் நான். முகத்துவாரத்தில் எந்த வீட்டுக் குசினியில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எங்கள் குசினியில் கணவாய் இல்லை, எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் சேர் திரும்பி வந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்டார். முப்பத்தேழு என்றேன்.

“ஆருக்குப் பிள்ளை காய்ச்சல்?” என்றார். “முப்பத்தேழு மனுசன்ட சூடு. இது ஐஸ் பெட்டியில சுகமா இருந்த சீவன்.”

பிறகு நேரே போய்க் குளிரூட்டிப் பெட்டியைத் திறந்தார். சீல் வைத்து வந்த பாத்திரத்தை வழக்கு முடியும்வரை கழுவக்கூடாது என்பது எங்கள் விதி. எல்லாவற்றையும் கழுவித் தொலைக்கிற நான், அந்தப் போத்தலை மட்டும் விதிக்குப் பயந்து கழுவாமல் மூடி வைத்திருந்தேன். அடியில் ஒரு கரண்டியளவு ஊறல் மிச்சம். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு தரம் பிழைத்தால் போயிற்று, ஆகவே முதலில் வேறு கணவாயில் செய்து பழகுவோம் என்றார்.

அந்த மூன்று நாளும் நான் நிலத்தில் நடக்கவில்லை. எனக்கு நடந்த பிழையைத் திருத்த இன்னொரு வாய்ப்பு. அதுவும் என்ன மாதிரியான வாய்ப்பு! ஸ்டெல்லா அன்று பின்னேரமே கணவாயும் வீட்டிலிருந்த இரண்டாவது ரெஜிபோம் பெட்டியும் கொண்டுவந்தாள். சேர் அந்தப் பெட்டிக்குள் ஐஸ் பரப்பி, மூடியில் துளை போட்டு வெப்பமானி குத்தி, இருபது டிகிரிக்குக் கொண்டுவந்தார். புருஷனைப் பிடித்துக் கொடுத்த பெட்டியின் சோடியே எங்களுக்கு வளர்ப்புப் பெட்டியாயிற்று. ஐஸ் கொண்டுவருவது தன் வேலை என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள்.

கூழ் காய்ச்சக் கடல் தண்ணீர் வேண்டும். ஸ்டோரில் இருந்த உப்பை சேர் நம்பவில்லை. எனக்கென்ன, வெள்ளவத்தையில் தண்டவாளம் தாண்டினால் கடல். புதன்கிழமை விடிந்ததும் ஒரு கேனில் மொண்டுகொண்டு பஸ் ஏறினேன். முதல் சாவடியில் இறக்கினார்கள். கேனில் என்ன? கடல் தண்ணீர். எதற்கு? பக்றீரியா வளர்க்க. இதைவிட மோசமான பதில் அந்தக் கொழும்பில் கிடையாது! பெற்றோலோ அசிட்டோ இல்லையென்றால் குடித்துக் காட்டு என்றான் சிப்பாய். அந்த நாளில் தண்ணீர்ப் போத்தலோடு போகிறவர்களுக்கு அது வழக்கம். ஒரு மிடறு குடித்தேன். புறக்கோட்டையில் இரண்டாவது சாவடி, இன்னொரு மிடறு. கொட்டாஞ்சேனையில் மூன்றாவது, அங்கே அவர்கள் கேட்கும் முதலே குடித்துக் காட்டிவிட்டு வாந்தி எடுத்தேன். சிப்பாய் பாவப்பட்டு ஒரு டொபி தந்தான். சேரிடம் சொன்னபோது, நான் அங்கே சேர்ந்த பிறகு முதல் தடவையாக அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மீன் அவித்த தண்ணீரும் கடல் தண்ணீரும் கடற்பாசியும் சேர்த்துக் கூழ் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றினோம். கழுவாமல் ஐஸ் பெட்டியில் வைத்த ஸ்டெல்லாவின் கணவாய் அதற்கு முன்பே இருட்டறையில் ஒளிர்ந்தது. அப்படியென்றால் முறை சரி. உடனே சேர் இன்ஸ்பெக்டருக்குத் தொலைபேசி எடுத்து, வந்து பார்க்கச் சொன்னார். எதைப் பார்க்க என்று அவர் கேட்க, நாங்கள் ஏமாற்றவில்லை என்பதைப் பார்க்க என்றார்.

பின்னேரம் இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும், சிங்களவர், களைத்த முகம். தன் கையெழுத்திருந்த போத்தலை அவரே திறந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, கம்பி வளையத்தை நெருப்பில் காட்டி ஆறவைத்து, ஊறலில் தொட்டு, மூன்று தட்டுகளில் கோடு கோடாக இழுத்தேன். மூன்று தட்டின் முதுகிலும் கண்ணாடியில் எழுதுகிற பென்சிலால் அவரே கையெழுத்து வைத்தார். தட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னுக்குப் பொலிஸ் சீல் ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் இறக்கினோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகவும், பின்னேரம் கோப்பு போய்விடும் என்றும் சொல்லிப் போனார்.

வியாழக்கிழமை என்று ஒரு நாள் இருந்ததே, அதை நான் எப்படிக் கழித்தேன்! டின்னுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. அந்த ஊறலில் உயிர் மிஞ்சியிருக்கிறதா என்றும் தெரியாது. அழுகல் கிருமிகள் எல்லாவற்றையும் மூடியிருக்கலாம். ஸ்டெல்லா காலையும் மத்தியானமும் பின்னேரமும் ஐஸ் மூட்டையோடு வந்தாள். இரவுக்குக் காவலாளியிடம் ஒப்படைத்தாள். நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெப்பமானியைப் பார்த்தேன். சேர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருந்து ரிப்போர்ட் எழுதினார். எழுதி முடித்து என்னிடம் வாசிக்கத் தந்தார். முதல் பந்தியிலேயே, ஆய்வாளர் மகேஸ்வரி மாதிரியை நன்னீரில் கழுவி முப்பத்தேழு டிகிரியில் வைத்ததால் முதற்சோதனை பிழைத்தது என்றிருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் பெயரை எழுதத்தான் வேண்டுமா, என் பதவி உயர்வு என்னாவது என்று கேட்டேன்.

“அந்த மனுசன் உங்கட பிழைக்காக மூண்டு நாள் கூடுதலா உள்ள இருந்திருக்கார்” என்றார். குரல் உயரவில்லை. “அதை எங்க பிள்ளை எழுதுறது?”

நான் பேனையை வாங்கிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூவரும் இருட்டறைக்குள் போனோம். இன்ஸ்பெக்டர் சீலைப் பார்த்தார், தட்டின் முதுகில் தன் கையெழுத்தைப் பார்த்தார், டின்னைத் திரும்ப மூடி மடியில் வைத்துக்கொண்டார். விளக்கை அணைக்க முதல் தன் டோர்ச்சைக் கையில் வைத்திருப்பதாகச் சொன்னார். சேர் சம்மதிக்கவில்லை. வெளியே ஒரு கான்ஸ்டபிள் நின்றார். டோர்ச் அவரிடம் போயிற்று. கதவைச் சாத்தி, துணியை இழுத்துவிட்டு, சேர் செபமாலையைத் தொடங்கினார்.

ஒரு சிங்களப் பொலிஸ்காரரும் இரண்டு தமிழரும் அந்தக் காலத்தில் ஒரு வாங்கில் இருட்டில் இருப்பதென்பது சின்ன விஷயமல்ல. அவருடைய சப்பாத்து நிலத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. பாதியில் பொறுக்க முடியாமல், இன்னும் எவ்வளவு நேரம் என்று சிங்களத்தில் கேட்டார். சேர் செபத்தை நிறுத்தவில்லை. ஆகவே நான்தான், இன்னும் இருபத்துமூன்று மணி என்றேன். நானும் கத்தோலிக்கமா என்று கேட்டார். இல்லை, சைவம், இருட்டுக்காகப் படித்தது என்றேன். சப்பாத்துச் சத்தம் நின்றது.

செபமாலை முடிந்தது. டின்னின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. முதல் தட்டை எடுத்தார். ஒன்றுமில்லை. இருட்டு. இரண்டாவது தட்டு. அதிலும் இருட்டு. சேவியரும் ஸ்டெல்லாவும் அந்தக் குழந்தையும் என் கண்முன்னால் வந்து நின்றார்கள். மூன்றாவது தட்டை எடுத்தார்.

“எரியுது!” என்று கத்திவிட்டேன். நான்தான் கத்தினேன், என்ன செய்ய? ஓரத்தில் ஏழு புள்ளிகள், ஊசி குத்தியது போல, நீலப் பச்சையாக. பிறகு கண் இன்னும் பழக, நடுவில் ஒரு கோடு முழுதும். தட்டைத் திருப்பிப் பிடித்தார் இன்ஸ்பெக்டர். வெளிச்சத்தின் மேல் அவருடைய கையெழுத்தின் வால் கறுப்பாகத் தெரிந்தது. வேறு எவரும் மாற்றி வைக்க முடியாத தட்டு அது.

ஏன் மற்றதிலெல்லாம் இல்லை என்று அவர்தான் முதலில் கேட்டார். நல்ல கேள்வி. இவை தனித்தனியாக இருக்கும்போது ஒளிராது, நெருக்கமாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தங்களுக்குள் அறிந்த பிறகே எல்லாம் சேர்ந்து ஒளிரும், மற்றத் தட்டுகளில் கூட்டம் போதவில்லை என்று சேர் விளக்கினார். அதனால்தான் அன்றன்று பிடித்த கணவாயில் வெளிச்சம் இல்லை, ஓரிரவு வைத்ததில் உண்டு. அவசரகாலச் சட்டத்தில் கூட்டம் கூடுவது தடையாயிற்றே என்றார் இன்ஸ்பெக்டர். இருட்டில் அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, நான் சிரித்தேன்.

அடுத்து, பழகிப் பார்க்கவென்று ஸ்டெல்லாவின் கணவாயிலிருந்து கடல் தண்ணீரில் வளர்த்த குடுவை. அசையாமல் வைத்திருந்ததால் மேல் விளிம்பில் மட்டும் ஒரு வளையம் மினுங்கியது. அதை அவர் கையில் கொடுத்துக் குலுக்கச் சொன்னேன். காற்றுப் பட்டதும் குடுவை முழுதும் குப்பென்று ஒளிர்ந்து, அவருடைய விரல்களும் முகமும் தெரிந்தன. கடைசியாக ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, அதில் குழாய்த் தண்ணீரைச் சேர்த்தேன். வெளிச்சம் மங்கி மங்கிச் செத்துப்போனது. இதைத்தான் நான் அந்த மனிதரின் கணவாய்க்குச் செய்தேன், ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறோம் என்றேன்.

வெளியே வந்து ரிப்போர்ட்டை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். இது ஆளைக் கொல்லுமா என்று கேட்டார். இல்லை என்றதும், அந்தச் சார்ஜன்ட் பத்து நாளுக்கு மேலாக வலது கையால் சோறு சாப்பிடவில்லை, இனிச் சாப்பிடச் சொல்கிறேன் என்றார். கோப்பு மேலே போகவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சேவியர் வந்தார். மெலிந்து, தாடியோடு, ஸ்டெல்லாவின் பக்கத்தில் கூச்சப்பட்டு நின்றார். எனக்கென்று ஒரு கிலோ கணவாய் கொண்டு வந்திருந்தார், அன்று பிடித்தது. நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் தராமல் வேறொன்று சொன்னார்.

“முதல் நாள் ராத்திரி உள்ள ஒரே இருட்டு மிஸ். எங்கூட அஞ்சு பேரு, யாரு யாருன்னு தெரியாது. என் ரெண்டு கையும் மினுங்கிட்டிருந்திச்சு. அந்த வெளிச்சத்தில ஒவ்வொருத்தரா வந்து மூஞ்சியக் காட்டிப் பேரு சொன்னாங்க. மறுநாள் ஒரு வாளித் தண்ணி குடுத்தாங்க. கழுவிட்டேன். அணைஞ்சிட்டு. அதுக்கப்புறந்தான் எனக்குப் பயம் வந்திச்சு.”

அவர்கள் போன பிறகு கணவாயை சேரின் மேசையில் வைத்தேன். கையெல்லாம் வாசம். பழக்கத்தில் குழாயடிக்குப் போய்த் திறந்தேன். தண்ணீர் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கழுவாமலே மூடினேன்.